மூணு மீனை ஆறாக்கின கண்ணாடி

பஞ்சை எடுக்காதீங்க மக்களே. துப்பவும் வேண்டாம், எச்சிலை விழுங்கிடுங்க. பல் பிடுங்கின இடத்தில் ஒரு மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டே இருக்கணும். பதினொரு வருஷமாய் வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். என்னைத் தெரிகிறது அல்லவா? காலையில் டாக்டர் ரெஞ்சித் கிளினிக்கில் உங்க அட்டையை எழுதினேனே, அந்த ஞானப்பூ அக்காதான். சஜிதா, இருபத்தேழு வயது, வில்லுக்குறி. சரிதானே மக்களே? தலையை மட்டும் ஆட்டுங்க. பேசினால் ரத்தம் நிற்காது. நானும் இதே பஸ்ஸில் தக்கலை போகிறேன். உங்க ஸ்டாப் வரைக்கும் நான் பேசிக்கொண்டு வருகிறேன், உங்களுக்கு வலி தெரியாது.

கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இந்த வாளியைக் கீழே வைக்கப் பயமாக இருக்கிறது, யாராவது மிதித்துவிடுவாங்க. மடியிலேயே இருக்கட்டும்.

உள்ளே என்னவா? மீன். முகத்தைச் சுளிக்காதீங்க, குழம்பு மீன் இல்லை. குழம்பு மீனாக இருந்தால் எனக்கும் இத்தனை அருவருப்பு இருக்காது. நாற்பது வருஷம் சாளை மீன் ஆய்ந்த கை இது. செதிலும் குடலும் என்னை ஒன்றும் செய்யாது. இது கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன், டிஸ்கஸ் என்று பேர். தோசை மாதிரி வட்டமாய், தட்டையாய், மேலெல்லாம் கோலம் போட்டது போல வரி. அழகு அழகு என்று வருகிறவர்களெல்லாம் போட்டோ எடுத்தாங்க. எனக்கோ இதைப் பார்த்தாலே குமட்டும். அதன் குணம் அப்படி. கேட்டால் நீங்களும் ஓங்கரிப்பீங்க.

இப்போது எனக்கு ரெண்டே கவலைதான். ஒன்று, வாளித் தண்ணீர் ஆறிவிடக் கூடாது. முப்பது டிகிரியில் இருந்த மீன். ஆறினால் உடம்பு கறுத்துச் செத்துவிடும். இன்னொன்று இந்தப் போன். டாக்டர் கூப்பிடுவார். "போங்க அக்கா, நான் கூப்பிடறேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். நாளையிலிருந்து நான் எங்கே உட்காரணும் என்று சொல்ல வேண்டும் அல்லவா? பதினொரு வருஷம் உட்கார்ந்த மேசை மக்களே. அதைத் தூக்கிக் கார் ஷெட்டில் போட்டிருக்கிறார்கள். நீங்க உள்ளே வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நேரத்தில்தான் போட்டார்கள்.

நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

போன சித்திரையில் டாக்டர் ஏதோ ஒரு ஹோட்டலில் இந்த மீனைப் பார்த்துவிட்டு வந்தார். பல்லைப் பிடுங்க வருகிறவங்க பயந்துபோய் உட்கார்ந்திருக்காங்களே, மீன் தொட்டி இருந்தால் மனசு ஆறும் என்றார். நல்ல எண்ணம்தானே. கோட்டாறில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிற செல்வினை வரச் சொன்னார். செல்வின் ஹாலைச் சுற்றிப் பார்த்தான்.

"டாக்டர், இது ஒத்தைக்கு ரெட்டைக்கு வளக்கிற மீன் இல்ல. கூட்டத்து மீன். ஆறுக்குக் கொறஞ்சு வாங்காதீங்க. ஆறும் ஒரே அளவா இருக்கணும், ஒரே நாள்ல தொட்டியில விடணும். மீன் ஒண்ணுக்கு நாப்பது லிட்டர் தண்ணி. அப்போ நாலடித் தொட்டி வேணும்."

"நாலடிக்கு எங்கப்பா எடம்? ரெண்டடி போதும். மீனும் மூணு போதும்."

"மூணு வச்சா, வலுத்தது ஒண்ணு மத்ததுகளைப் போட்டுக் கொத்தும் டாக்டர். ஆறு இருந்தா அந்தக் கொத்து நாலு பக்கமா பிரிஞ்சிரும். ஒரே தலையில விழாது."

டாக்டர் சிரித்தார். "அதுக்கு வழி இருக்கு" என்றார். நாள் பூராவும் குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, தெரியாததைப் பார்க்கிற மனுஷர் அல்லவா? தொட்டிக்குப் பின்னால் முழு நீளத்துக்கும் ஒரு கண்ணாடியை ஒட்டவைத்தார். மூன்று மீனையும் விட்டார். "இப்ப எண்ணு செல்வின். எத்தனை?"

எண்ணினால் ஆறு. மூன்று மீன், மூன்று நிழல். தொட்டியும் ரெண்டு மடங்கு பெரிசாய்த் தெரிந்தது. நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். செல்வின் மட்டும் தலையைச் சொறிந்தான். "உங்களுக்கு ஆறு டாக்டர். மீனுக்கு?" என்று முனகிக்கொண்டே போனான்.

மூன்றுக்கும் நான்தான் பேர் வைத்தேன். சிவப்பில் பெரிசாய் ஒன்று, சிவப்பன். நீலம் ஒன்று. மஞ்சள் பூத்த வெள்ளையில் சின்னதாய் ஒன்று, வெள்ளை. சிவப்பன்தான் இப்போது வாளிக்குள் இருக்கிறவன்.

முதல் வாரமே எனக்கு அருவருப்பு தட்டிவிட்டது. முதலில் அதுகளின் தீனி. ரத்தப்புழு மக்களே. சிவப்புச் சிவப்பாய், நூல் நூலாய், ஐஸ்கட்டியில் உறைந்து வரும். அதை வைப்பதற்கு கிளினிக்கில் இருக்கிற ஒரே ஃப்ரிட்ஜ்தான். நான் ஜெபம் பண்ணி மூடிவைக்கிற தயிர்ச்சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தப் புழுக்கட்டி. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சோற்றுப் பருக்கை நெளிகிற மாதிரி இருக்கும். ஒரு மாசம் மத்தியானம் சாப்பிடவே முடியவில்லை.

அடுத்தது அதுகளின் சண்டை. சிவப்பன் தான் தின்கிறதுக்கு முன்னாலே மற்ற ரெண்டையும் தின்னவிடாமல் பண்ணுவான். நீலத்தை ஒரு முட்டு, வெள்ளையை நாலு முட்டு. வெள்ளை ஹீட்டர் குழாய்க்குப் பின்னால் போய்த் தலையைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். இத்தனைக்கும் நீலமும் அடி வாங்குகிறதுதான். ஆனால் சிவப்பன் அந்தப் பக்கம் திரும்பினதும் நீலமும் போய் வெள்ளையை ஒரு கொத்து கொத்திவிட்டு வரும். சீ! அடி வாங்கின வலி தெரிந்ததே அடிக்கிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வலுத்தவனுக்கு வாலாட்டுகிற ஜென்மம். மனுஷர்களிடம் இந்தக் குணத்தைப் பார்த்தால் நான் அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

போதாததற்கு அந்தக் கண்ணாடி. சிவப்பனுக்குக் கண்ணாடியில் தெரிகிறது யார் என்று தெரியவில்லை. இன்னொரு சிவப்பன் என்று நினைத்துக்கொண்டு நாளெல்லாம் அதை முட்டுவான். அதை ஜெயிக்க முடியாத கோபத்தையெல்லாம் கொண்டுபோய் வெள்ளையின் தலையில் இறக்குவான்.

தொட்டி என் மேசைக்கு எதிரேதான் இருந்தது. அதனால் ஒரு காரியம் ஆயிற்று. என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற நடைவழி அந்தக் கண்ணாடியில் முழுசாய்த் தெரியும். நான் யாரையும் வேவு பார்க்கிறவள் இல்லை மக்களே. நேரே பார்த்து உட்கார்ந்தால் கண்ணில் படுகிறது, நான் என்ன செய்ய? நடையில்தான் லிஜி உட்காருவாள். கருவிகளைக் கழுவி, கொதிப்பெட்டியில் போட்டு எடுத்து, டாக்டருக்குக் கையில் கொடுக்கிறவள். முப்பத்தைந்து வயசு, ரெண்டு பிள்ளைகள், புருஷன் கத்தாரில். அதிர்ந்து பேச மாட்டாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

கண்ணாடி வருகிறவரைக்கும் லிஜியிடம் ஒரு குறையும் எனக்குத் தெரியாது. கண்ணாடி வந்த பிறகுதான் தெரிந்தது. பத்தரைக்கு ஒரு போன். பதினொன்றேகாலுக்கு ஒரு போன். ஒருநாள் கொதிப்பெட்டி ஓடுகிற நேரத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள். இன்னொருநாள் அழுகிறாள். அழுதுவிட்டு அந்தக் கையாலே கையுறையை எடுக்கிறாள். எனக்கு மனசு கேட்குமா? அவளுக்காக ஜெபித்தேன். ஒருத்தியாய் ஜெபிக்கிறதைவிட ரெண்டு பேராய் ஜெபித்தால் பலன் அதிகம் என்று, பிரீத்தா மேடத்திடமும் சொன்னேன். டாக்டரின் வீட்டம்மா. காலை பத்து மணிக்கு ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று வருவாங்க.

"மேடம், லிஜிக்காகக் கொஞ்சம் ஜெபிச்சுக்கிடுங்க. வேலையில கருத்து இல்ல. போனும் அழுகையுமா இருக்கா" என்றேன். குறையாகவா சொன்னேன்? ஜெப விண்ணப்பமாய்ச் சொன்னேன்.

மேடத்துக்கு முன்னாலேயே அவளைக் கண்டால் ஆகாது. அதற்குப் பிறகு கேட்க வேண்டாம். "ஏன் லிஜி, கொண்டையை இப்படியா போடுறது? ஏன் லிஜி, இந்தச் செருப்பு என்ன சத்தம் போடுது? ஏன் லிஜி, நடக்கிறயா நகர்றயா?" வருகிற ஆட்கள் முன்னாலேயே. எனக்குக் கேட்கவே கூசும். அந்தம்மா போனதும் நான் லிஜியைக் கூப்பிட்டு அன்பாய்ச் சொல்வேன்: "பாரு லிஜி, நீயும் கொஞ்சம் கவனமா இருக்கணும் இல்லியா? செருப்பு சத்தம் எனக்கும்தான் கேக்குது." அவள் தலையைக் குனிந்துகொண்டு நடைக்குப் போய்விடுவாள். அவள் நல்லதுக்குத்தானே சொன்னேன்?

மத்தியானம் பன்னிரண்டரைக்கு நான் மேசையிலேயே கால் மணி நேரம் கண்ணை மூடி ஜெபிப்பேன். பதினொரு வருஷப் பழக்கம். என் பெரியவன் ஜெபசிங்குக்கு ஒரு நல்ல வேலை, மகளை மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் சமாதானம், டாக்டர் குடும்பம், சபை, எல்லாருக்காகவும். ஆவணி மாசம் ஒருநாள், ஜெபத்துக்கு நடுவில் ஒரு கண் தன்னால் திறந்தது. பார்த்தால், லிஜி தொட்டிப் பக்கத்தில் நிற்கிறாள். இடது கை முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள்! தொட்டி நடுவில் கையை ஊன்றிக்கொண்டு, வலது கையால் அந்த ரத்தப்புழுவை மூலையில் ஒவ்வொன்றாய் விடுகிறாள். சிரிப்பு வேறு. வெறும் கை மக்களே. புழுத் தண்ணீர். அந்தக் கைதானே சாயங்காலம் உங்களை மாதிரி ஒருத்தர் வாய்க்குப் பக்கத்தில் வரும்? ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டேன்.

அடுத்த நாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாளும். தினமும் நான் கண்ணை மூடினதும் அவள் தொட்டிக்கு வந்துவிடுகிறாள். எத்தனை மாசமாய் நடக்கிறதோ.

மேடம் கேட்டாங்க. நானாகப் போய்ச் சொல்லவில்லை; "தொட்டித் தண்ணி ஏன் தரையில சிந்திக் கிடக்கு?" என்று கேட்டாங்க. நான் பொய் சொல்ல முடியுமா? கண்டதைச் சொன்னேன். கழுவினாளா என்றாங்க. கழுவினதை நான் பார்க்கவில்லை என்றேன். அதுவும் உண்மைதானே? குழாய் நடைக்கு அந்தப் பக்கம். கண்ணாடியில் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலமே டாக்டர் அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம். வெள்ளைக்கு மத்தியானம்..." என்று ஆரம்பித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சங்கடம். பிரிகிற நேரத்தில் என்னத்தைப் பேசுவது? எழுந்து அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். நல்ல நீண்ட ஜெபம். அவளும் அசையாமல் நின்றாள். முடித்துவிட்டு, "ஆண்டவர் நடத்துவார், போ" என்றேன். அவள் தொட்டியை ஒரு தடவை பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். என்ன சொல்ல வந்தாளோ, சொல்லாமலே போய்விட்டாள். அப்படித்தான் அவள்.

இங்கே பாருங்க, பார்வதிபுரம் மேம்பாலம் தாண்டியாச்சு. வலி எப்படி? கன்னம் வீங்கத்தான் செய்யும். ராத்திரி கஞ்சி குடிங்க, ஆறவைத்து.

லிஜி போன ஆறாம் நாள் வெள்ளை செத்தது. ஹீட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தோசைக்கனம் இருந்த மீன், அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. கண் இருந்த இடம் பெரிசாய்த் தெரிந்தது. நானே கிண்ணத்தால் எடுத்தேன். விரலில் பட்ட வழுவழுப்பு மூன்று தரம் சோப்புப் போட்டும் போகவில்லை. சரி, தொலைந்தது ஒரு அழுமூஞ்சி, இனி மற்ற ரெண்டும் சமாதானமாய் இருக்கும் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைப்பீங்க?

மறுநாள் காலையில் சிவப்பன் நீலத்தின் பக்கம் திரும்பிவிட்டான். கூட்டாளியாய் நின்று கொத்தினதே அந்த நீலத்தை! ஒருநாள் இடைவெளி விடவில்லை மக்களே. அதே மூலை, அதே ஹீட்டர் குழாய். வெள்ளை நின்ற இடத்தில் நீலம் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. நீலம் கறுத்தது. துடுப்பு கிழிந்து நூலாய்த் தொங்கிற்று. பார்க்க எனக்கு அப்படி ஒரு அருவருப்பு. ஆனால் ஒரு பக்கம், இதுவும் வெள்ளையைக் கொத்தினதுதானே, வேணும் உனக்கு என்று தோன்றியதையும் ஆண்டவர் முன்னால் மறைக்க மாட்டேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கும் சோதனைக் காலம். பிரீத்தா மேடம் திடீரென்று என் பக்கம் திரும்பிவிட்டாங்க. எதற்கு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. "ஞானப்பூ, உங்க சேலை மீன் வாடை அடிக்குதே. ஞானப்பூ, அட்டையில எழுதுறது கோழி கிறுக்கினமாதி இருக்கே. ஞானப்பூ, மத்தியானம் கண்ணை மூடிக்கிட்டு தூங்குறதா கேள்வி." யார் சொன்னது? ஜெபத்தைத் தூக்கம் என்று யார் போய்ச் சொல்வார்கள்? லிஜி இடத்துக்குப் புதிதாய் வந்திருக்கிறவள் நடையில்தான் உட்கார்ந்திருப்பாள். என் முதுகு அவளுக்குத் தெரியும். கண்ணாடியில் என் முகமும் தெரியும் போல. நான் யாரையும் சந்தேகப்படுகிறவள் இல்லை.

ஒரு திங்கட்கிழமை கிளினிக்கைத் திறந்தால் நீலமும் மிதக்கிறது. பிறகு சிவப்பன் ஒற்றை ஆள். கொத்த ஆள் இல்லை என்றால் அடங்கணும்தானே? கண்ணாடியில் இருக்கிறவனோடு முழுநேரச் சண்டை. உதடெல்லாம் புண்ணாகி வெள்ளைப் பூஞ்சை. வாய்ப்புண் பார்க்க வருகிறவர்கள் உட்காருகிற இடத்தில் அதைவிடப் பெரிய வாய்ப்புண்ணோடு ஒரு மீன். எனக்கே சகிக்கவில்லை. நான் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துக் கண்ணாடியை மூடினேன். மூடினதும் அவன் முட்டவில்லை. தின்னவும் இல்லை. துணியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

செல்வினை வரச் சொன்னோம். வந்தவன் முதலில் கேட்டதே, "அந்த வெள்ளை எத்தனை நாள் இருந்துச்சு அக்கா?" என்றுதான்.

"சித்திரையில வந்துச்சு. ஆவணிக் கடைசி வரைக்கும் இருந்துச்சே."

"அஞ்சு மாசமா? இந்த ரெண்டடித் தொட்டியில, இந்த முரடன்கூடவா? இருக்காதே." குனிந்து ஹீட்டர் மூலையைப் பார்த்தான். "யாரோ நடுவுல கைய வச்சு மறிச்சுக்கிட்டு, அதுக்குத் தனியா ஊட்டியிருக்காங்க. இல்லாட்டி பத்து நாள் தாங்கியிருக்காது. யாரு அக்கா அது?"

"எங்க கிளினிக்ல அப்பிடி யாரும் கெடையாது" என்றேன். பட்டென்று வந்துவிட்டது வாயில். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க எனக்கு அட்டையில் பேர் எழுதினால் எழுத்து கோணல் கோணலாய்ப் போனது. மேடம் சொன்னதும் சரிதானோ என்னவோ.

அன்றைக்கு ராத்திரி முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது ஒரு காரியம் மனசில் பட்டது. இனி இந்தக் கிளினிக்கில் மீன் வைத்தால் ஒழுங்காய் வைக்க வேண்டும். மறுநாள் நானே டாக்டரிடம் பேசினேன். "ஆறு வேணும் டாக்டர். நாலடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒண்ணரை அடி உயரம். கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் வேண்டாம். இல்லாட்டி மீனே வேண்டாம்" என்றேன். பதினொரு வருஷத்தில் நான் அவரிடம் இப்படிப் பேசினதே இல்லை. அவரே அசந்துவிட்டார்.

"எங்க வைக்க அக்கா?"

டேப்பை எடுத்து நானே அளந்தேன். ஜன்னல் பக்கம் வெயில் விழும், பாசி பிடிக்கும், கூடாது. வாசல் பக்கம் ஆள் இடிக்கும். நடையில் அகலம் பற்றாது. இருநூற்றைம்பது லிட்டர் தண்ணீர் மக்களே, கனம் தாங்குகிற தரை வேண்டும், பிளக் வேண்டும். எல்லாம் சரியாய் இருந்தது ஒரே ஒரு சுவர்தான். என் மேசை இருக்கிற சுவர். "இங்கதான் டாக்டர் சரி" என்று சாக்குக்கட்டியால் கோடும் போட்டுக் கொடுத்தேன். அவர் என்னையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நீங்க?" என்றார். "எனக்கென்ன டாக்டர், எங்கயாவது ஒரு மூலை போதும்" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொல்கிறதுதானே? அதை அப்படியே எடுத்துக்கொள்வார்களா?

இன்றைக்கு மத்தியானம் தொட்டி வந்தது. ஆறு மீன், ஆறும் உள்ளங்கை அளவு, ஒன்று போல. ஒரே நேரத்தில் விட்டான் செல்வின். ஆறும் கூட்டமாய் ஒரு சுற்று சுற்றி வந்தது. அழகாய்த்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "பழையவன?" என்று டாக்டர் கேட்டார். "அவனை இதுகூட விடக்கூடாது டாக்டர். நாந்தான் இங்க பழைய ஆளுன்னு இதுகளைக் கெடுத்துருவான்" என்றான் செல்வின். "கண்டிப்பா விடக்கூடாது. ரெண்டு உயிரைத் தின்னவன். எங்கயாவது கொண்டு தொலைங்க" என்றேன் நான்.

டாக்டர் சொன்னார்: "அக்கா, நீங்களே வீட்டுக்குக் கொண்டு போயிருங்க. நீங்களும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. நான் கூப்பிடறேன்." அக்கா என்று எத்தனை மரியாதையாய்ச் சொன்னார் தெரியுமா? வாளிக்கு மூடி தேடித் தந்ததும் அவர்தான்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் ஜெபசிங் குதிப்பான். "ஏம்மா, திங்க முடியாத மீனை எதுக்கு வீட்டுல வச்சு நாறடிக்கிறே" என்பான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. துணி ஊறவைக்கிற தொட்டி ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் ஒற்றையாய்த்தானே கிடக்கணும்? ஒற்றையாய் இருக்க முடியாது இதுக்கு. யாரும் இல்லை என்றால் தின்னாமலே செத்துவிடும் என்கிறான் செல்வின். கொத்துகிறதுக்காவது ஒரு ஆள் வேண்டும். என்ன பிறவியோ! சீ.

இருங்க, போன். டாக்டராகத்தான் இருக்கும். ஆண்டவரே, ஸ்தோத்திரம்.

ஹலோ. ஆ, மேடம்! பஸ்ல இருக்கேன் மேடம், சொல்லுங்க. கேக்குது. சாவியா? பைலதான் இருக்கு மேடம். ஆமா, ரெண்டு சாவியும். நாளைக்கு காலையில நானே வந்து தொறந்து... இல்லியா? மெடிக்கல் ஷாப்ல குடுத்தாப் போதுமா? சரி மேடம். உள்ள வர வேண்டாம், சரி. என்ன மேடம்? டப்பாவா? ஃப்ரிட்ஜ்ல... அது என் தயிர்ச்சோத்து டப்பா மேடம். இன்னைக்கு தொட்டி வந்த அவசரத்துல சாப்பிடல. ஆமா, வாடை அடிக்கும். சரி மேடம். தூக்கிப் போட்டுருங்க. டாக்டர் பக்கத்துல இருக்காங்களா மேடம்? ஹலோ? மேடம்?

பாலம் வந்தாலே சிக்னல் கிடைக்காது.

சாவி கேட்கிறாங்க. பத்திரத்துக்குத்தான். சாவி ரெண்டு இடத்தில் இருந்தால் டாக்டருக்குப் பிடிக்காது.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் அடைங்க மக்களே. தண்ணீர் ஆறுகிறது.

ஒன்று சொல்கிறேன். இவன் என் கையில் தின்ன மாட்டான். மூன்று வாரமாய்ப் பார்த்தாச்சு. நேற்று மத்தியானம் ஜெபத்தை விட்டுவிட்டு, அருவருப்பையெல்லாம் அடக்கிக்கொண்டு, நானும் முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. விரலில் புழுவை வைத்துக் காட்டினேன். எங்கிருந்தோ பாய்ந்து வந்தான். வந்து விரல் பக்கத்தில் நின்று பார்த்தான். அப்புறம் திரும்பிப் போய்விட்டான். அவன் தேடிவந்தது வேறு கை. இந்தச் சவத்துக்கு அது எப்படித் தெரியுமோ! மற்ற ரெண்டையும் கொன்ற ஜென்மத்துக்கு, ஒருத்தியின் கையை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தோட்டியோடு ஸ்டாப் தாண்டியாச்சு. அடுத்தது உங்க ஸ்டாப்தான். லிஜியும் வில்லுக்குறிதான், தெரியுமா? ஸ்டாப்பிலிருந்து கோவிலைத் தாண்டி, தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் மூன்றாவது வீடு. பச்சைக் கேட். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு விலாசம் எழுதினதும் நான்தானே. உங்க வீட்டுக்குப் போகிற வழியாகத்தான் இருக்கும். காலையில் அட்டை எழுதும்போதே நினைத்தேன்.

எழுந்திருங்க, எழுந்திருங்க. இந்தாங்க, வாளி. அடியில் கை கொடுத்துப் பிடிங்க, ஆட்டக் கூடாது. அவளிடம் கொடுத்துவிடுங்க. யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம். மூடியில் ஓட்டை போட்டிருக்கிறது கிளினிக் ஊசி, அவளுக்கே தெரிந்துவிடும். பஞ்சை எடுத்த பிறகு இதை மட்டும் சொல்லுங்க. தண்ணீரைச் சுடவைத்துக் கலக்கச் சொல்லுங்க. ஒன்றாய் வைக்க வேண்டாம், ரெண்டும் மூணும் கூடவே கூடாது, ஆறாக்கப் பார்க்கச் சொல்லுங்க. செல்வினிடம் கேட்டால் தருவான். கண்ணாடி வேண்டவே வேண்டாம். அது ஒரு பாவம் பிடித்த சாமான்.

நானா? நான் எப்படி வர முடியும்? தக்கலைக்கு டிக்கெட் எடுத்தாச்சே.

என்ன, எதையோ சொல்ல வருகிறீங்க? வேண்டாம், பஞ்சை எடுக்காதீங்க. கண்டக்டர் விசில் அடித்தாச்சு. ஆண்டவர் நடத்துவார் மக்களே, இறங்குங்க.